ஸ்பானிஷ் பாட்டில் ஒருதலைக் காதலின் வலி: வரிவரியாகப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்பானிஷ் காதல் பாட்டின் பொருளைத் தேடுகிறவர்கள் முதலில் பிடித்துக்கொள்வது கொராசோன், தொலோர், லாக்ரிமாஸ் போன்ற சொற்களைத்தான். இதயம், வலி, கண்ணீர். இவை எல்லாப் பாட்டிலும் வருகின்றன. அதனாலேயே எந்தப் பாட்டைப் பற்றியும் அதிகம் சொல்வதில்லை. கிடைக்காத காதலின் வலி ஸ்பானிஷில் பெரும்பாலும் வினைச்சொல்லின் கடைசி அசையில் இருக்கிறது. பாடுகிறவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா, செத்துவிட்டதா, முதலிலிருந்தே இல்லையா என்பதை அந்த விகுதி சொல்லிவிடும். அந்த விகுதிவரை போய்ச் சேரும் வழிதான் கீழே இருப்பது.

நிகழ்காலமும் இறந்தகாலமும் ஓரளவு தெரிந்த ஸ்பானிஷ் போதும். முதல் முயற்சிக்கு இருபது வரிக்கு மேல் போகாத பாட்டாக எடுங்கள். பழைய பொலேரோவும் (கியூபாவில் பிறந்த, தணிந்த குரல் காதல் பாட்டு) ரஞ்சேராவும் (மெக்சிகோவின் சாராயக்கடைப் பாட்டு) இதற்கு மிகவும் பொருத்தமானவை: வரிகள் குறைவு, உச்சரிப்பு தெளிவு, ஒரே பாட்டுக்குப் பல பதிவுகள் கிடைக்கும். காகிதத்தில் வரிக்கு வரி இரண்டு விரல் இடைவெளி விட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விளக்கத்துக்காக நாமே கட்டிய நாலு வரி இது. நாட்டுப்புறக் கோப்லா வடிவம்:

சி தூ சுப்பியேராஸ் மி நோம்ப்ரே
நோ பசரீயாஸ் தே லார்கோ
கே அஸ்தா எல் பெர்ரோ தே தூ காயே
யா மே கொனோசே லோஸ் பாசோஸ்

என் பேர் மட்டும் உனக்குத் தெரிந்திருந்தால் இப்படிக் கடந்து போகமாட்டாய். உன் தெரு நாய்க்குக்கூட என் காலடி பழகிவிட்டது. இதில் வலி என்ற சொல்லும் இல்லை, காதல் என்ற சொல்லும் இல்லை.

1. முதலில் வரிகளைச் சரிபாருங்கள்

இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளில் மிக அதிகமாக விடுபடுவது உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு. அது போனால் பொருளே போய்விடும். 'ஆமோ' என்றால் நான் காதலிக்கிறேன். கடைசி அசையில் அழுத்தம் விழும் 'அமோ' என்றால் அவள் அல்லது அவன் காதலித்தார். 'யோரோ', அழுகிறேன்; 'யொரோ', அழுதார். கோடு இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 'சி' கோடில்லாமல் வந்தால் 'என்றால்' என்ற நிபந்தனை, கோடோடு வந்தால் 'ஆம்'. 'தூ' கோடில்லாமல் 'உன்', கோடோடு 'நீ'. ஆகவே இரண்டு வெவ்வேறு பாடகர்களின் பதிவைக் கேட்டு, வரி முடிவில் வரும் ஒவ்வொரு வினையிலும் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று குறியுங்கள். ஒரு பதிவு மட்டும் போதாது. இசை சில நேரம் அழுத்தமில்லாத அசையின் மேல் ஏறி உட்கார்ந்து காதை ஏமாற்றிவிடும்.

2. இது உண்மையில் ஒருதலைக் காதல்தானா?

காதலித்துக் கைவிடப்பட்டவர் பாடுவது வேறு, ஒருபோதும் காதலிக்கப்படாதவர் பாடுவது வேறு. முதல் வகைக்கு ஸ்பானிஷ் உலகில் ஊருக்கொரு பெயர் உண்டு. கொலம்பியாவில் 'தெஸ்பெச்சோ', அதாவது உதறப்பட்டவரின் ஆங்காரமும் ஆற்றாமையும் சேர்ந்த உணர்வு. டொமினிக்கன் குடியரசில் பச்சாத்தா இசையையே ஒரு காலத்தில் 'அமார்கே', கசப்பு, என்றார்கள். சிலியில் கண்ணைக் கசக்க வைக்கும் பாட்டுக்கு 'செபோயா', வெங்காயம். பெருவில் சாராயக்கடையின் பெயரால் 'பொலேரோ கந்தினேரோ'. ஈக்வடாரில் கடையில் காசு போட்டால் பாடும் பெட்டியின் பெயரால் 'ரொக்கோலேரா'.

வேறுபடுத்திப் பார்க்க ஒரு சோதனை. அந்த நபர் எழுவாயாக நின்று, பாடுகிறவருக்கு ஏதாவது செய்து முடித்த இறந்தகால வினை பாட்டில் இருக்கிறதா? 'முத்தமிட்டாய்', 'சத்தியம் செய்தாய்', 'போய்விட்டாய்' என்று வந்தால் அது தெஸ்பெச்சோ. அப்படி ஒரு வினைகூட இல்லாமல் அவர் நடந்து போகிறார், சிரிக்கிறார், பார்க்காமல் இருக்கிறார் என்று நிகழ்காலத்திலேயே நின்றால் அது ஒருதலைக் காதல். நம் நாலு வரியில் அவர் செய்யும் ஒரே செயல் கடந்து போவது.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை: காதல் இருந்தும் சாதியோ பணமோ தடுப்பது. பெருவின் வால்ஸ் கிரியோயோ என்ற பாட்டு வகையில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஃபெலிப்பே பிங்லோ ஆல்வா எழுதிய 'எல் ப்ளெபேயோ'. எளிய குடியில் பிறந்தவன் மேட்டுக்குடிப் பெண்ணை விரும்பும் கதை. பாட்டு முதலில் அவனைப் படர்க்கையில் காட்டிவிட்டு, பிறகு பேச்சை அவன் வாயிலேயே கொடுக்கிறது. இப்படிப் பார்வை மாறும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 'அவன்' எங்கே 'நான்' ஆனான் என்று தெரியாமல் பாதிப் பாட்டு குழம்பிவிடும்.

3. யார், யாரிடம் பேசுகிறார்?

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் முன்னிலை யார் என்று எழுதுங்கள். 'தூ' என்பது நீ. அர்ஜென்டினா, உருகுவே பக்கம் அதே இடத்தில் 'வோஸ்' வரும், வினையும் மாறும்: 'தியேனெஸ்' என்பதற்குப் பதில் 'தெனேஸ்'. பழைய டாங்கோ சிலவற்றில் இரண்டும் கலந்தே வரும். அதைப் பிழையென்று நினைக்க வேண்டாம். 'உஸ்தெத்' என்பது நீங்கள். நெருங்க முடியாத ஒருவரை நோக்கிப் பாடும்போது இந்த 'நீங்கள்' நடுவே ஒரு வேலியைப் போடுகிறது. ஆனால் கொலம்பியாவின் பல பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே, காதலர்களுக்குள்ளேயே உஸ்தெத் புழங்குகிறது. பாடலாசிரியர் எந்த ஊர்க்காரர் என்று பார்க்காமல் 'தூரத்தைக் காட்டுகிறார்' என்று முடிவு கட்டாதீர்கள்.

உஸ்தெத்துக்கும் அவன், அவள் என்பதற்கும் வினை விகுதி ஒன்றே. 'நோ மே கியேரே' என்று மட்டும் வந்தால் அவள் என்னை விரும்பவில்லை, அவன் விரும்பவில்லை, நீங்கள் விரும்பவில்லை என மூன்றும் சரி. விடை தெரிய மூன்று நான்கு வரி தள்ளிப் போக வேண்டியிருக்கும். விடையே கிடைக்காத பாட்டும் உண்டு.

4. வினைகளை வட்டமிடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான். ஒவ்வொரு வினையையும் வட்டமிட்டு, உண்மையில் நடப்பதற்கு ஒரு நிறம், ஆசையிலும் கற்பனையிலும் மட்டும் நடப்பதற்கு வேறு நிறம் கொடுங்கள். ஸ்பானிஷ் இந்த இரண்டாவது வகைக்கென்றே 'சுப்ஹுந்தீவோ' என்ற வினை வடிவத்தை வைத்திருக்கிறது.

'ஒஹலா' என்ற ஒரே ஏக்கச் சொல்லை வைத்து நம்பிக்கையின் அளவைப் பாருங்கள். 'ஒஹலா மே கியேராஸ்': நீ என்னை விரும்ப வேண்டும், அது நடக்கவும் கூடும். 'ஒஹலா மே கிசியேராஸ்': நீ என்னை விரும்பக்கூடாதா, நடக்காதென்று தெரிந்தே கேட்கிறேன். 'ஒஹலா மே ஊபியேராஸ் கெரீதோ': நீ என்னை விரும்பியிருக்கக்கூடாதா, காலம் கடந்துவிட்டது. பாட்டு எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் முடிகிறது என்று பாருங்கள். முதல் படியில் தொடங்கி மூன்றாவதில் முடிந்தால் பாட்டுக்குள்ளேயே ஒரு நம்பிக்கை இறந்திருக்கிறது. தலைகீழாகப் போனால் பாடுகிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். அந்த வகைதான் கேட்க அதிகம் வலிக்கும்.

நம் கோப்லாவில் 'சுப்பியேராஸ்' இரண்டாவது படி, அதோடு இணைந்த 'பசரீயாஸ்' கற்பனை விளைவு. அடுத்த இரண்டு வரியில் வினை ஒன்றே ஒன்று, 'கொனோசே', சுத்தமான நிகழ்கால உண்மை. அவள் சம்பந்தப்பட்டதெல்லாம் கற்பனையில், நாய் மட்டும் நிஜத்தில். இந்த ஏற்பாடுதான் வலியைச் சொல்கிறது. முதல் வரியை 'சி தூ யா சாபேஸ் மி நோம்ப்ரே' என்று நிகழ்காலத்துக்கு மாற்றினால் 'என் பேர்தான் உனக்குத் தெரியுமே' என்றாகி, ஏக்கம் போய்க் குற்றச்சாட்டு வந்துவிடும். அப்போது இரண்டாவது வரியும் 'ஏன் நிற்காமல் போகிறாய்' என்ற கேள்வியாகத்தான் அமைய முடியும்.

'ஆனாலும்' என்ற பொருள் தரும் 'ஔன்கே' வந்தால் நிறுத்திப் படியுங்கள். 'ஔன்கே நோ மே கியேரெஸ்' என்றால் நீ என்னை விரும்பவில்லை, அது தெரிந்த உண்மை, ஆனாலும். 'ஔன்கே நோ மே கியேராஸ்' என்றால் நீ விரும்பாவிட்டாலும் சரி, விரும்பினாலும் சரி, என் பக்கம் மாறாது. ஒரு உயிரெழுத்துதான் வித்தியாசம். முன்னது அடிபட்டவரின் பேச்சு, பின்னது முடிவெடுத்துவிட்டவரின் பேச்சு.

இறந்தகாலத்திலும் இதே கவனம் வேண்டும். 'தே எஸ்பெரே', உனக்காகக் காத்திருந்தேன், முடிந்தது. 'தே எஸ்பெராபா' என்றால் காத்துக்கொண்டிருந்தேன். எப்போது முடிந்தது என்று வினை சொல்வதில்லை. ஒருதலைக் காதல் பாட்டு பெரும்பாலும் இந்த இரண்டாவது வடிவத்தில்தான் குடியிருக்கும், ஏனென்றால் முடிவென்று சொல்ல அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

தமிழர்கள் வழக்கமாகத் தடுமாறும் இரண்டு இடங்கள்:

'கிசியேரா', 'எஸ்பெராபா' போன்ற வடிவங்கள் தன்மைக்கும் படர்க்கைக்கும் ஒன்றே. நான் விரும்புவேன் என்றும் அவள் விரும்பியிருந்தால் என்றும் படிக்க இடமிருக்கிறது. பக்கத்தில் 'யோ' (நான்) இருக்கிறதா, 'மே' (என்னை, எனக்கு) இருக்கிறதா என்று பாருங்கள்.

'மே குஸ்தாஸ்' என்றால் எனக்கு உன்னைப் பிடிக்கும். 'தே குஸ்தோ' என்றால் உனக்கு என்னைப் பிடிக்கும். தமிழிலும் 'எனக்கு' என்றே வருவதால் முதல் பாதி எளிது. ஆனால் ஸ்பானிஷில் வினை, பிடித்துப்போன ஆளோடு ஒத்துப்போகும். 'குஸ்தோ' என்ற தன்மை விகுதியைப் பார்த்து 'நான் விரும்புகிறேன்' என்று படித்தால், காதல் யார் பக்கம் இருக்கிறது என்பதே தலைகீழாகிவிடும். 'மே துவேலெஸ்' என்பதும் இதே அமைப்பு. தலை வலிக்கிறது, பல் வலிக்கிறது என்பதற்கான வினையில் உடலுறுப்பின் இடத்தில் 'நீ' வந்து நிற்கிறது.

5. அசைகளை எண்ணுங்கள்

கோப்லா, ரஞ்சேரா போன்றவற்றின் அடிப்படை வரி எட்டு அசை. விதிகள் மூன்று. வரியின் கடைசிச் சொல்லில் அழுத்தம் ஈற்றயல் அசையில் இருந்தால் எண்ணியது எண்ணியபடி. கடைசி அசையிலேயே அழுத்தம் இருந்தால் ஒன்று கூட்டுங்கள். கடைசியிலிருந்து மூன்றாவதில் இருந்தால் ஒன்று கழியுங்கள். ஆகவே 'அமார்' என்று முடியும் ஏழசை வரியும், 'லாக்ரிமாஸ்' என்று முடியும் ஒன்பதசை வரியும் எட்டாகவே கணக்கு.

ஒரு சொல் உயிரில் முடிந்து அடுத்தது உயிரில் தொடங்கினால் இரண்டும் ஒரே அசை. 'நாடு' 'அடைந்தான்' சேர்ந்து 'நாடடைந்தான்' ஆவது போலத்தான், ஆனால் இங்கே எந்த உயிரும் கெடுவதில்லை; இரண்டும் ஒரே மூச்சில் ஒலிக்கும். மூன்றாவது வரியை இப்படிப் பிரியுங்கள்: கே+அஸ், தா+எல், பெ, ர்ரோ, தே, தூ, கா, யே. எட்டு. 'அஸ்தா'வின் முன்னால் எழுத்தில் ஓர் 'ஹ' உண்டு, அதற்கு ஒலி இல்லை. அதைக் கணக்கில் எடுத்தால் எண்ணிக்கை பிசகும். 'ரீயாஸ்' என்பதில் 'ரீ' மேல் சாய்கோடு இருப்பதால் அது இரண்டு அசையாகவே நிற்கும், சேராது. குறில், நெடில் கணக்கை மறந்துவிடுங்கள். ஸ்பானிஷில் உயிரின் நீளம் அசையை மாற்றாது.

எண்ணுவதன் பயன், கணக்கு தப்பும் வரி அகப்படுவது. எட்டெட்டாகப் போய்க்கொண்டிருக்கும் பாட்டில் ஒரு வரி திடீரென ஐந்தில் நின்றால், ஒன்று எழுதியவர் சொல்லை விட்டிருக்கிறார், அல்லது பாடலாசிரியர் வேண்டுமென்றே பேச்சை முறித்திருக்கிறார். பதிவைக் கேட்டால் எது என்று தெரிந்துவிடும். பொலேரோவில் மட்டும் இந்தச் சோதனை அவ்வளவு உதவாது. அங்கே நீண்ட வரியும் குட்டை வரியும் கலந்தே வரும்.

6. இயைபின் இடம்

பழைய கோப்லாவில் இரண்டாவது, நாலாவது வரிகளின் முடிவு மட்டும் ஒத்து ஒலிக்கும், அதுவும் உயிர்கள் மட்டும். 'லார்கோ', 'பாசோஸ்': ஆ-ஓ, ஆ-ஓ. எந்த இரண்டு சொல்லைக் கவிஞர் இப்படிக் கட்டிப்போட்டிருக்கிறார் என்று பாருங்கள். இங்கே அவள் கடந்து போவதும் இவன் காலடியும் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டு வினை விகுதிகள் மட்டும் ஒத்து வந்தால் அது மலிவான இயைபு. அதில் பொருள் தேட வேண்டாம்.

7. இசைவகை எங்கே பேச வைக்கிறது

பொலேரோ 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கியூபாவின் சாந்தியாகோவில், பெப்பே சான்செஸ் போன்ற பாடகர்களிடம் உருவாகி மெக்சிகோவுக்குப் போனது. 2023-இல் இரு நாடுகளின் பொதுச் சொத்தாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அது நேராக 'உன்'னிடம், தணிந்த குரலில் பேசும். 1944-இல் நியூயார்க்கில் தொடங்கிய லோஸ் பாஞ்சோஸ் மூவர் குழு மூன்று குரலையும் ரெக்கிந்தோ என்ற சிறிய, உயர்ந்த சுருதி கித்தாரையும் கொண்டு வந்தது. வரிக்கும் வரிக்கும் நடுவே அந்த ரெக்கிந்தோ என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாத இடைவெளியை அதுதான் நிரப்புகிறது.

ரஞ்சேரா அப்படி அடங்கிப் பேசாது. மெக்சிகோவின் சாராயக்கடையில், ஊரார் முன்னால், தோற்றவன் தலை நிமிர்ந்து பாடும் பாட்டு. தொலோரெஸ் இதால்கோவில் 1926-இல் பிறந்த ஹொசே அல்ஃப்ரேதோ ஹிமேனெஸ் எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாமலே இதன் பெரும் பாடலாசிரியர் ஆனார். ரஞ்சேராவில் கெஞ்சுவதற்கான 'ரொகார்' என்ற வினை வந்தால் அடிக்கோடிடுங்கள். கெஞ்சினேனா, கெஞ்ச மாட்டேனா என்பதில்தான் அந்தப் பாட்டின் மானம் முழுவதும் தொங்கும்.

டாங்கோ பெரும்பாலும் தனி அறையில் நடக்கும், பொருட்கள் பேசும். 1917-இல் கார்லோஸ் கார்தேல் பதிவு செய்த, பாஸ்குவால் கொந்தூர்சி வரிகள் எழுதிய 'மி நோச்சே த்ரிஸ்தே' இதற்கு வழி போட்டது: எரிய மறுக்கும் விளக்கு, அழுதது போன்ற கண்ணாடி, அலமாரியில் தொங்கும் கித்தார். பொருளின் படி அது கைவிடப்பட்டவனின் பாட்டு, ஒருதலைக் காதல் அல்ல. ஆனால் வலியைப் பொருட்களிடம் ஒப்படைக்கும் முறையை இதில் கற்றால் மற்ற டாங்கோக்கள் எளிதாகும். போனஸ் ஐரஸின் லுன்ஃபார்தோ கொச்சைக்குத் தனி அகராதி வேண்டும். பொது அகராதியை நம்பினால் ஏமாற்றம்தான்.

8. தமிழுக்குக் கொண்டுவரும்போது

நம் '-ஆல்' விகுதி 'தெரிந்தால்' என்பதில் நடக்கக்கூடியது, நடக்காதது இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஸ்பானிஷ் இரண்டாவது படியில் நின்றால் 'தெரிந்திருந்தால்' என்று எழுதி 'மட்டும்' சேருங்கள்: 'உனக்கு மட்டும் தெரிந்திருந்தால்'. மூன்றாவது படிக்கும் இதே வடிவம்தான் கிடைக்கும் என்பதால், அங்கே 'அன்றைக்கே' போல ஒரு காலச் சொல்லைச் சேர்த்தால் வித்தியாசம் தெரியும். 'ஒஹலா'வுக்குக் 'கூடாதா' என்று முடியும் கேள்வியைவிடப் பொருத்தமானது தமிழில் இல்லை. 'ஔன்கே'வின் இரண்டு வடிவங்களுக்கு 'விரும்பவில்லை, ஆனாலும்' என்பதும் 'விரும்பாவிட்டாலும்' என்பதும் அச்சாகப் பொருந்தும்.

'நான்', 'நீ' மட்டும் வரும்போது தமிழில் ஆண், பெண் தெரியாது. படர்க்கை வந்ததும் 'அவன்' அல்லது 'அவள்' என்று நாம் முடிவெடுத்தாக வேண்டும். ஸ்பானிஷ் மறைத்து வைத்ததை நாம் உடைக்காமலிருக்க, 'ஒருவர்' என்றோ 'அந்த முகம்' என்றோ சுற்றிப் போகலாம்.

ஊர் மாறினால் பொருள் மாறும் சொற்களையும் பாருங்கள். 'பேனா' பொதுவாகத் துயரம். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் வெட்கமும் அதுவே. 'கொராஹே' பொதுவாகத் துணிவு, மெக்சிகோவில் கோபம். 'மி வீதா', 'மி சியேலோ' என்ற விளிகளை 'என் உயிரே', 'என் வானமே' என்று வரிக்கு வரி பெயர்த்தால் தமிழில் மிகையாகிவிடும். மூன்றில் இரண்டை விட்டுவிடுங்கள்.

9. மறுபடியும் பதிவுக்குப் போங்கள்

வரிகள் புரிந்த பிறகு, குறைந்தது ஓர் ஆண் குரலிலும் ஒரு பெண் குரலிலும் அதே பாட்டைக் கேளுங்கள். 'சோலோ' (தனியாக இருப்பவன்), 'சோலா' (தனியாக இருப்பவள்) போல ஆண், பெண் காட்டும் பெயரடைகளில் யார் எதை மாற்றினார் என்று குறியுங்கள். கோஸ்டா ரிகாவில் 1919-இல் பிறந்து மெக்சிகோவில் வாழ்ந்த சாவேலா வார்காஸ், ஆண்கள் பெண்களை நோக்கிப் பாடுவதற்காக எழுதப்பட்ட ரஞ்சேராக்களைச் சொல் மாற்றாமலே பாடினார். ஆரவாரமான மரியாச்சி வாத்தியக் குழு இல்லாமல் கித்தாரை மட்டும் வைத்துக்கொண்டு, வேகத்தையும் மிகவும் குறைத்தார். முழு மரியாச்சிப் பதிவுக்கு அடுத்து அவர் பதிவைக் கேட்டால், நான்காவது படியில் நீங்கள் வட்டமிட்ட வினைகள் எங்கே இழுக்கப்படுகின்றன, எங்கே பேச்சாகவே சொல்லப்படுகின்றன என்று தனித்தனியாகக் காதில் விழும். மரியாச்சிப் பதிவில் 'க்ரீத்தோ' என்ற அந்த நீண்ட கூவல் எந்த வரிக்குப் பிறகு வருகிறது என்பதையும் உங்கள் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாடகருக்கு எந்த வரி தாங்க முடியாததாக இருந்தது என்பதற்கு அதுவும் ஒரு தடயம்.